ட்ரெய்லருக்குள் எலியும் குளிரும்: குழாய் இறங்கும் ஓட்டைகளை எதால் அடைப்பது?

வடலிக்காடு கேட்டது:

வணக்கம். வண்டி 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் (வாகனத்துக்குப் பின்னால் இழுத்துப்போகிற, உள்ளே படுத்துச் சமைக்கிற வண்டி), 2014 மொடல். அடியில் கறுப்பு நெளி பிளாஸ்டிக் தாள் அடித்திருக்கு. ஒன்ராறியோவில் பீற்றர்பரோப் பக்கம், சல்லிக்கல் போட்ட காணியில் ஒக்ரோபர் நடுவில் இருந்து ஏப்ரல் வரை நிற்கும். ஒக்ரோபர் கடைசியில் சில இரவுகள் உள்ளே படுப்பதும் உண்டு.

குசினி சிங்குக்குக் கீழே இருக்கிற லாச்சிக்குள் சுண்டெலிப் புழுக்கை. அந்த இடத்தில்தான் 1½ அங்குல ஏபிஎஸ் (கடினப் பிளாஸ்டிக்) கழிவுக் குழாய் தரையைத் துளைத்து இறங்குது. ஓட்டை பெரிதாக வெட்டியிருக்கு, குழாயைச் சுற்றி விரல் போகும். பக்கத்தில் இரண்டு பெக்ஸ் குழாயும் (வளையக்கூடிய பிளாஸ்டிக் தண்ணிக் குழாய்) அப்படியே. ஷவரின் பின்பலகையைக் கழற்றினால் கீழே இருந்து காற்று முகத்தில் அடிக்குது. நடு அச்சுக்குப் பின்னால் கறுப்புத் தாள் கொஞ்சம் தொங்கியும் இருக்கு.

ஸ்பிரே ஃபோம் அடித்தால் மட்டும் காணுமா? ஸ்டீல் வூல் வைக்கலாமா? தாளை முழுக்க இறக்க வேணுமா? எல்லாத்தையும் அடைத்துவிட்டால் குழாய் உறையாமல் இருக்குமா?

---

குழாய்வேலை எழுதியது:

ஃபோம் காற்றைத்தான் நிறுத்தும். எலி அதைக் கடித்து வழி எடுக்கும், கடித்த தூளைக் கூட்டுக்கும் பாவிக்கும். "எலி தடுப்பு" என்று பேர் போட்டு வருகிற ஃபோமும் தனியே நின்றால் இதே கதைதான். முதலில் உலோகம், அதுக்கு மேலே ஃபோம். இந்த வரிசை மாறக் கூடாது.

அளவு ஒன்றை மனதில் வையுங்கோ: ¼ அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர். அந்தச் சந்து இருந்தால் சுண்டெலிக்குக் காணும். ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கோ. பென்சில் போகிற இடமெல்லாம் அடைக்க வேண்டிய இடம்.

ஸ்டீல் வூல் வேண்டாம். கீழே இருந்து றோட்டு உப்பும் ஈரமும் அடிக்கும். அது துருப்பிடித்துப் பொடியாகிக் கொட்டும், துருத்தண்ணி தரைப்பலகையில் ஊறும். செம்பு வலை வாங்குங்கோ. 5 அங்குல அகலத்தில் சுருளாக வரும். 30 அடிச் சுருள் ஒன்று உங்கட வண்டிக்குக் காணும், மிச்சமும் வரும். ஆனால் அலுமினியச் சட்டத்திலோ நாகமுலாம் பூசின தகட்டிலோ முட்டுகிற இடத்தில் செம்பை வைக்காதேயுங்கோ. உப்பு ஈரம் சேர்ந்தால் செம்பு அப்படியே இருக்கும், மற்ற உலோகம்தான் அரித்துப்போகும். அங்கே ஸ்டெயின்லெஸ் வலை.

அடுத்தது பலர் விடுகிற பிழை. வீடு ஆடாது, ட்ரெய்லர் ஆடும். பெக்ஸ் குழாயில் வலையை நேரே இறுக்கினால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓட்டத்தில் கம்பி குழாயை அராவும். ½ அங்குல பெக்ஸின் வெளி விட்டம் ⅝ அங்குலம். உள் விட்டம் ⅝ அங்குலம் உள்ள வைனில் ஹோஸில் 3 அங்குலத் துண்டு வெட்டி, நீளவாக்கில் கீறி, குழாயில் சட்டைமாதிரிக் கொழுவுங்கோ. வலை அந்தச் சட்டையைச் சுற்றி வரட்டும். ஏபிஎஸ் குழாய் தடிப்பு, அதுக்குச் சட்டை தேவையில்லை.

இப்ப சிங்குக்குக் கீழே உள்ள ஓட்டை. 1½ அங்குல ஏபிஎஸ்ஸின் வெளி விட்டம் 1.9 அங்குலம். ஓட்டை 2½ அல்லது 3 அங்குலமாக இருக்கும், அதாவது சுற்றிவர அரை அங்குலம் வரை சந்து. வலையில் 18 அங்குலத் துண்டு வெட்டி நீளவாக்கில் மடித்து, குழாயைச் சுற்றிப் போட்டு, மொட்டையான புட்டிக் கத்தியால் கீழே தள்ளுங்கோ. கூர் ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம், குழாயில் கீறல் விழும். 1 முதல் 1½ அங்குல ஆழத்துக்கு வலை நெருங்கி நிற்க வேணும். விரலால் கொழுவி இழுத்துப் பாருங்கோ. இழுபட்டு வந்தால் காணாது, இன்னொரு துண்டு தள்ளுங்கோ. எலியும் அப்படித்தான் இழுக்கும்.

மேலே அரை அங்குலம் விட்டு, லேசாகத் தண்ணி தெளித்து, யன்னல் கதவுக்கென்று வருகிற குறைவாக உப்புகிற ஃபோமை அடியுங்கோ. சந்தில் பாதிக்கு மட்டும். கூட உப்புகிற வகை மெல்லிய பலகையையும் ஷவர் தட்டையும் தள்ளி வளைத்துப் போடும். உங்களுக்கு 340 கிராம் டின் இரண்டு காணும். டின்னை உள்ளே அறை வெப்பத்தில் வைத்திருந்து பாவியுங்கோ. பலகை 5 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் ஃபோம் ஒட்டாது, இறுகாது. அதனால் செப்ரெம்பருக்குள் முடிப்பது நல்லது. எலி உள்ளே வரத் தொடங்குவதும் அந்த நேரம்தான்.

சந்து ஒரு அங்குலத்துக்கு மேலே என்றால் வலையை மட்டும் நம்பாமல் 26 கேஜ் தகட்டில் இரண்டு பாதி வெட்டி, ஒவ்வொன்றிலும் அரைவட்டம் எடுத்து, குழாயைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பூட்டுங்கோ. ஸ்க்ரூ ½ அங்குல நீளம், அதுக்கு மேலே வேண்டாம். தரைப்பலகைக்குக் கீழே தண்ணித் தாங்கி ஒட்டினபடி இருக்கலாம். நீள ஸ்க்ரூ போட்டால் தாங்கி ஓட்டை.

வயர் போகிற ஓட்டையில் எந்த உலோக வலையும் வைக்காதேயுங்கோ. றப்பர் குரோமெட் போட்ட தகடு, மிச்சச் சந்துக்கு டக்ட் சீல் களி.

சிங்கோடு நிற்காமல் இந்த இடங்களையும் ஒருக்கால் பாருங்கோ: கழிவறையின் 3 அங்குலக் குழாய் (வெளி விட்டம் 3½), கட்டிலுக்குக் கீழே தண்ணி நிரப்பும் ஹோஸ், வெளி ஷவர்ப் பெட்டியின் முதுகு, சுடுதண்ணி குளிர்தண்ணி வடிகிற இரண்டு குழாய், கழிவு வால்வின் இழுகம்பி வெளியே வருகிற வெட்டு, கரண்ட் கேபிள் வருகிற சின்னக் கதவு. பிறகு முன்பக்கம் இழுவைச் சட்டத்தின் வெறும் இரும்புக் குழாய் முனைகள். அதுக்குள்ளால் ஏறி, தாளுக்கும் தரைக்கும் இடையில் முழு வண்டியும் சுற்றலாம். அநேகம் பேர் உள்ளே பத்து ஓட்டை அடைத்துவிட்டு இந்த முனையைப் பார்ப்பதே இல்லை.

---

எட்மன்டன்_குளிர் எழுதியது:

மேல சொன்ன எலி விஷயம் அத்தனையும் சரி. நான் குளிர் பத்தி மட்டும் எழுதறேன், ஏன்னா கடைசிக் கேள்வியிலதான் நிறைய பேர் ஏமாறறாங்க.

ஓட்டையை அடைச்சா குழாய் உறையாதுன்னு கிடையாது. ஓட்டம் உள்ள காத்து நிக்கும், அவ்வளவுதான். ட்ரெய்லர்ல குழாயைக் காப்பாத்தறது உள்ளே இருக்கற சூடு. அதனால இன்சுலேஷன் எப்பவும் குழாய்க்கும் வெளிக்குளிருக்கும் நடுவுல வரணும். குழாய்க்கும் அறைக்கும் நடுவுல வந்தா அறைச் சூடு குழாயைத் தொடாது. அலமாரி மூலையில ஓடற பெக்ஸை முழுக்க ஃபோம்ல புதைச்சிடறாங்க, பார்க்க நேர்த்தியா இருக்கும், மைனஸ் 15 வந்தா முதல்ல உறையறது அந்த இடம்தான். தரை மட்டத்துல அடைங்க. தரைக்கு மேல குழாய் திறந்தே கிடக்கட்டும். குளிர் ராத்திரில சிங்க் அலமாரிக் கதவைத் திறந்து வைங்க.

எங்க காத்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். முதல்ல புரொப்பேன் சிலிண்டர் வால்வை மூடி, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ் மூணையும் அணைச்சிடுங்க. இது கட்டாயம், ஃபேன் இழுக்கும்போது புகைக்குழாய் வழியா காத்து திரும்பி உள்ளே வரலாம். பி-ட்ராப் (சிங்க், ஷவருக்குக் கீழ தண்ணி தேங்கி நாத்தத்தைத் தடுக்கற வளைஞ்ச குழாய்) எல்லாத்துலயும் தண்ணி இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா கழிவுத் தொட்டி நாத்தத்தை உள்ளே இழுத்துக்குவீங்க. ஜன்னலெல்லாம் சாத்தி, கூரை ஃபேனை வெளியே தள்ளற பக்கம் முழு வேகத்துல ஓட விடுங்க. ஊதுபத்தியைத் தரை ஓரமா, அலமாரிக்குள்ள, ஷவர் பின்னாடி மெதுவா நகர்த்துங்க. புகை படுத்து ஓடற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு. காத்து இல்லாத சாயங்காலம் செஞ்சா தெளிவா தெரியும். ராத்திரில உள்ளே பெரிய விளக்கு வெச்சுட்டு வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்கறதும் நல்ல வழி, ஆனா வளைஞ்சு போற சந்து வெளிச்சத்துல தெரியாது, புகையில தெரியும்.

தொங்கற தாளை உடனே டேப் போட்டுத் தூக்காதீங்க. கையால தட்டிப் பாருங்க, உள்ளே தண்ணி நிக்குதான்னு. நின்னா மேல எங்கயோ கசிவு. அதை முடிக்காம மூடினா தரைப்பலகை அழுகும். முழுத் தாளையும் இறக்க வேண்டிய அவசியம் இல்லை. வேலை செய்ய வேண்டிய இடத்துல மூணு பக்கம் கத்தியால கீறி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி மடக்கி இறக்குங்க. தாளுக்குப் பின்னாடி வயரும் பெக்ஸும் ஒட்டி ஓடும், பிளேடை ¼ அங்குலத்துக்கு மேல நீட்டாதீங்க.

மூடும்போது சிலிகான் பிரயோசனமே இல்லை. அந்தத் தாள் பாலிப்ரோப்பிலீன், சிலிகான் அதுல ஒட்டாது, ஒரு சீசன்ல தோல் மாதிரி உரிஞ்சு வரும். கீறின கோட்டு மேல பியூட்டைல் டேப், அது மேல 1 அங்குல அலுமினியப் பட்டை, 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, ஸ்க்ரூவுக்கு அகல வாஷர். ஸ்க்ரூ கடிக்க அந்தப் பக்கம் குறுக்குச் சட்டம் இல்லைன்னா உள்பக்கமும் ஒரு பட்டை வெச்சு சாண்ட்விச் பண்ணுங்க. ஒட்டற டேப் மட்டும்தான் போடப் போறீங்கன்னா ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால துடைச்சு, ரோலரால அழுத்தணும். வெறும் கையால தேச்சா நெடுஞ்சாலைக் காத்து பிய்ச்சிடும். தாளோட தாழ்வான இடத்துல 3/16 அங்குலத்துல ரெண்டு மூணு துளை விடுங்க. எலி நுழையாது, தண்ணி வடியும், கசிவு வந்தா சொட்டு தெரியும்.

குளிர்காலம் முழுக்க நிக்கற வண்டிக்கு அடைப்பு எவ்வளவு நல்லா இருந்தாலும் தண்ணியை வெளியேத்தித்தான் ஆகணும். பெக்ஸ் கொஞ்சம் விரிஞ்சு கொடுக்கும். உடையறது அதோட பிளாஸ்டிக் எல்போ, பம்ப் தலை, டாய்லெட் வால்வு, வெளித்தண்ணி இணைப்புல இருக்கற செக் வால்வு. வாட்டர் ஹீட்டரை பைபாஸ்ல போட்டுட்டு, குழாய்கள்ல ஓட விட புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் 3.78 லிட்டர் ஜாடி 2 அல்லது 3 போதும். பைபாஸை மறந்தா ஹீட்டர் மட்டுமே 22 லிட்டர் குடிக்கும். ஒவ்வொரு பி-ட்ராப்லயும் ஒரு கப் ஊத்துங்க. ஜாடியில மைனஸ் 50னு போட்டிருக்கறது குழாய் வெடிக்காத எல்லை. அதுக்கு ரொம்ப முன்னாடியே அது கூழாகும். பார்த்து பயப்பட வேண்டாம், கூழ் குழாயை உடைக்காது.

---

நீலச்சுடர் எழுதியது:

எதை அடைக்கக் கூடாது என்பதை யாரும் இன்னும் எழுதவில்லை. ஃபோம் டின் கையில் இருந்தால் எல்லா ஓட்டையும் ஒரே மாதிரித்தான் தெரியும், அதனால் வேலை தொடங்குமுன் இவற்றின் மேல் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

புரொப்பேன் சிலிண்டர் பெட்டியின் அடித்துளை. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அந்தத் துளை வழியாகக் கீழே இறங்கிப் போக வேண்டும். அதை மூடினால் வாயு தேங்கும். எலித்தொல்லை என்றால் ¼ அங்குலக் கம்பி வலை வையுங்கள், அடைக்காதீர்கள்.

ஃபர்னஸின் வெளிவாய். எரிவதற்கான காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் அங்கேதான். பூச்சி கூடு கட்டுகிறது என்று சல்லடை மாட்டுகிறார்கள். ஃபர்னஸ் கையேடுகள் அதையே வேண்டாம் என்கின்றன, தூசியும் பனியும் படிந்து வாய் அடைபடும். நிறுத்தி வைக்கும் மாதங்களில் மாட்டினால், பற்றவைக்குமுன் கழற்ற வேண்டும். ஃபோம் எரியக்கூடிய பொருள், ஆகவே ஃபர்னஸ் பெட்டிக்கும் வாட்டர் ஹீட்டர் புகைவாய்க்கும் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் வெளிக் காற்றுத்திறப்பு, ஈய பேட்டரிப் பெட்டியின் காற்றுக்குழாய், சிங்குக்குக் கீழே குழாய் உச்சியில் மூடி மாதிரி நிற்கும் காற்றுவால்வு. இந்த மூன்றும் அப்படியே இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைப் பழுதான துண்டு என்று நினைத்து ஃபோமால் மூடிவிடுவார்கள். பிறகு சிங்க் தண்ணீர் இறங்காமல் கொடகொடவென்று சத்தம் போடும், பி-ட்ராப் உறிஞ்சப்பட்டு நாற்றம் வரும்.

காற்றுச் சந்துகளை அடைத்தபின் உள்ளே காற்று மாறுவது குறையும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் தரையோரம் இருக்கும் கேஸ் அலாரத்தையும் கழற்றி முதுகில் உள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள். 2014 வண்டியில் வந்தவை என்றால் இரண்டையும் மாற்றுங்கள். ஃபர்னஸ் ஓடும் இரவில் ஒரு ஜன்னலும் கூரைத் திறப்பும் விரற்கடை அளவு திறந்திருக்கட்டும். உள்ஈரமும் அதனால் குறையும்.

புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வாக்கூம் போடாதீர்கள். மான்சுண்டெலி ஹன்டா வைரஸைச் சுமக்கக்கூடியது. தூசியாகப் பறந்து மூச்சில் போவதுதான் ஆபத்து. கனடாவில் நோயாளிகள் பெரும்பாலும் மேற்கு மாகாணங்களில்தான், ஆனாலும் முறை ஒன்றே. அரைமணி நேரம் கதவு ஜன்னல் திறந்து வைத்து, கையுறை போட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, குறைந்தது 5 நிமிடம் ஊறவிட்டு, காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

---

வடலிக்காடு எழுதியது:

நன்றி. ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன், கூட இழுக்கிறது ஷவருக்குக் கீழேதான். அங்கே வட்ட ஓட்டை இல்லை. தரையில் 5 அங்குலத்துக்கு 9 அங்குலம் நீள்சதுரமாக வெட்டி, அதுக்குள் பி-ட்ராப் முழுதும் இறங்கி நிற்குது. ட்ராப்பின் அடி தரைமட்டத்துக்கு 2 அங்குலம் கீழே. வலை வைத்து அடைக்க எதுவும் பிடி இல்லை. ஃபோமால் நிரப்பினால் ட்ராப் புதைந்துபோகும். என்ன செய்யலாம்? எலி உள்ளே இருக்கும்போதே அடைத்துவிட்டால் என்ன?

---

குழாய்வேலை எழுதியது:

நிரப்பாதேயுங்கோ. ஷவரிலேயே ட்ராப்தான் உறைவு கூடுதலாக வருகிற இடம், அதோட ஒரு நாள் கழற்றித் துப்புரவு செய்யவும் வேண்டி வரும். கீழே இருந்து ஒரு தட்டு கட்டி, ட்ராப் அறைக் காற்றுக்குள்ளேயே தொங்கும்படி விடுங்கோ.

2 அங்குலத் தடிப்புள்ள எக்ஸ்பிஎஸ் பலகை (இறுக்கமான ஃபோம் இன்சுலேஷன் பலகை) எடுங்கோ, குளிரைத் தடுக்கிற அளவு ஆர்-10 வரும். தாளைக் கீறி இறக்கினபிறகு, ட்ராப்பின் அடிக்கும் பலகைக்கும் இடையில் ஒரு அங்குலம் வெறும் காற்று இருக்கிறமாதிரி அளவு எடுத்து, அடிப்பலகையும் நாலு பக்கச் சுவரும் வெட்டிப் பெட்டியாக்குங்கோ. பக்கச் சுவருக்கு 1 அங்குலப் பலகை காணும். உங்கட கணக்குக்கு உள் ஆழம் 3 அங்குலம். கழிவுக் குழாய் பெட்டியை விட்டு வெளியேறுகிற பக்கத்தில் மேலே திறந்த ப வடிவ வெட்டு. அப்பதான் பெட்டி கீழே இருந்து ஏறும். மூலைகளை ஃபோம் பலகைக்கென்று வருகிற பசையால் ஒட்டுங்கோ. சாதாரணக் கட்டுமானப் பசையில் உள்ள கரைப்பான் எக்ஸ்பிஎஸ்ஸைத் தின்னும்.

பெட்டியின் வெளிப்பக்கம் முழுக்க ¼ அங்குலக் கம்பி வலையால் சுற்றுங்கோ, மேல் விளிம்பில் 1½ அங்குலம் கூட விட்டு வெளிப்பக்கமாக மடித்து, அந்த மடிப்பைத் தரைப்பலகையின் அடியில் அகல வாஷரோடு ¾ அங்குல ஸ்க்ரூவால் 3 அங்குலத்துக்கு ஒன்று அடியுங்கோ. அடியுமுன் கீழ்ப்பலகையின் தடிப்பைப் பாருங்கோ. ஷவர்த் தட்டின் காலில் ஏறக் கூடாது. ஸ்க்ரூ முடிந்தபிறகுதான் விளிம்புச் சந்துக்கும் குழாய் வெளியேறுகிற வெட்டுக்கும் ஃபோம். குழாய் வெட்டில் ஃபோமுக்கு முன்னம் ஸ்டெயின்லெஸ் வலை. அங்கே நாகமுலாம் கம்பி இருக்கு, செம்பு ஆகாது. மேல்பக்கம், ஷவருக்குள் பார்க்கிற பக்கம், திறந்தபடியே. ஷவரின் பின்பலகையில் ஒரு சின்னக் காற்றுச் சல்லடை போட்டால் அறைச் சூடு கீழே இறங்கும்.

எலி விஷயம்: அடைக்குமுன் பொறி. சிங்குக்குக் கீழே, ஷவர் பின்பக்கம், கட்டிலுக்குக் கீழே சுவரோடு சேர்த்து ஆறு பொறி, நிலக்கடலை வெண்ணெய் பயறளவு காணும். வலையை மட்டும் ஓட்டைக்குள் தள்ளி வைத்துப்போட்டு, ஒரு கிழமை பொறி வெறுமையாக இருந்து, தரையில் தூவின மாவில் கால் தடமும் இல்லையென்றால் ஃபோம் அடியுங்கோ. நஞ்சு வைக்காதேயுங்கோ, சுவருக்குள் செத்தால் மாதக்கணக்கில் நாறும்.

---

எட்மன்டன்_குளிர் எழுதியது:

பெட்டி யோசனை அருமை. ஒண்ணு சேர்க்கறேன்: ஹீட் கேபிள் போடற எண்ணம் இருந்தா தானே சூட்டைக் கட்டுப்படுத்தற வகையை வாங்கி, பெட்டி மூடறதுக்கு முன்னாடி ட்ராப் மேல சுத்துங்க. ஃபோம்லயோ பலகையிலயோ புதையக் கூடாது. 120 வோல்ட் வேணும், அதனால இணைப்பு இல்லாத காணியில பயன்படாது. அங்க ட்ராப்புக்கு ஆன்டிஃபிரீஸ்தான்.

அடைச்சு முடிச்சு முதல் 200 கிலோமீட்டர் ஓட்டினதும் அடியில படுத்து ஒரு தடவை பாருங்க. பட்டை ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், ஃபோம் குழாயை விட்டு மயிரிழை பிரிஞ்சிருக்கும். அந்தக் கோட்டுல பாலியூரித்தேன் சீலன்ட் ஒரு வரி ஓட்டுங்க. அது ரப்பர் மாதிரி கூடவே ஆடும்.